‘ஃபன்னி கேர்ள்’ நாடகத்தில் வருவது ஃபேனி பிரைஸின் உண்மை வாழ்க்கைதானா?

பாதிதான். ஒருவரின் வாழ்க்கையை வசனத்தோடு பாட்டாகவும் சொல்வது வாழ்க்கை வரலாற்று இசை நாடகம். ஃபேனி பிரைஸ் (1891–1951) அமெரிக்க மேடையையும் வானொலியையும் சிரிக்க வைத்த நகைச்சுவை நடிகை. அவர் கதை 1964-இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் மேடையேறி, 1968-இல் படமானது. இரண்டிலும் பார்பரா ஸ்ட்ரைசாண்ட்தான் ஃபேனி. படத்துக்கு ஆஸ்கரும் வாங்கினார்.

மாற்றம் ஏன்? அறுபது வருடத்தை மூன்று மணி நேரத்தில் அடைக்க ஒரே ஒரு இழை வேண்டும். இங்கே அது ஃபேனியின் இரண்டாவது கணவரான சூதாடி நிக்கி ஆர்ன்ஸ்டீன் மீதான காதல். அதனால் ஃபேனியின் முதல் கல்யாணம் காணாமல் போனது. அவரைச் சந்தித்தபோதே நிக்கிக்கு மனைவி இருந்ததும், கல்யாணத்துக்கு முன்பே சிறை சென்றதும் கதையில் இல்லை. மோசடியில் மாட்டிய கனவானாக வருகிறார்.

கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள்; பந்தியில் நடந்த சண்டை அதில் இருக்காது. அதிலும் ஆல்பம் போடுவது மாப்பிள்ளை என்றால் மாமனார் படம் அழகாகத்தானே வரும்? தயாரிப்பாளர் ரே ஸ்டார்க், ஃபேனி-நிக்கி தம்பதியின் மகளைக் கட்டியவர். நாடகம் வந்தபோது நிக்கி உயிரோடும் இருந்தார். எனக்கென்னவோ, நிஜ நிக்கிதான் சுவாரஸ்யமான ஆள்.

இன்னொன்று: நாடகத்தில் வரும் ‘பீப்பிள்’ நிஜ ஃபேனி பாடிய பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது நாடகத்துக்காகப் புதிதாக எழுதியது. படத்தின் கடைசியில் வரும் ‘மை மேன்’தான் அவர் பாடிப் புகழ்பெற்றது.