பேட்ஸ் எதை விட்டார்?

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் பைரனைப் படித்துவிட்டுச் சோகக் காவியங்கள் எழுதிய டச்சுக் கவிஞர் நிக்கோலாஸ் பேட்ஸ், பாதிரியார் ஆனதும் எல்லாவற்றையும் கைகழுவிவிட்டார். லெய்டன் பல்கலைக்கழக நண்பர்களின் ரொமான்டிக் கனவுக்கு இது துரோகம்தானே?

பதில்: கவிதையை அவர் கைகழுவவில்லை. முதுமை வரை எழுதினார். விட்டது பைரன் பாணிச் சோகத்தைத்தான், அதை விட்டதே நல்லது. 1834-ல் 'ஹோஸே', அடுத்த ஆண்டு 'கூசர்', 1837-ல் 'கீ டெ ஃப்லாமிங்' என்று வரிசையாகச் சாபம், குற்றவுணர்வு, சாவு. ஹார்லெம் மருந்துக்கடைக்காரர் மகனுக்கு அந்த இருட்டெல்லாம் புத்தகத்தில் கிடைத்தது. பின்னாளில் அவரே அதைத் தன் 'கறுப்புக் காலம்' என்றார்.

அந்த நண்பர் குழுவையும் நீங்கள் வெறும் சோகக் கூட்டமாகப் பார்க்கிறீர்கள். அதில் ஒருவரான க்னெப்பல்ஹவுட், 'க்ளிக்ஸ்பான்' என்ற புனைபெயரில் லெய்டன் மாணவர்களை அச்சு அசலாகப் பிடித்து எழுதினார். இன்னொருவரான ஹாஸெப்ரூக் ஹைலோ கிராமத்துப் பாதிரியார் ஆனார். அவரும் நாவலாசிரியையான அக்கா பெட்சியும் இருந்த வீடுதான் அப்புறம் நண்பர்கள் கூடும் இடம். பக்கத்து மனிதரை உற்றுப் பார்க்கும் கண், அதுவே அவர்கள் சொத்து.

1839-ல் ஹில்டெப்ராண்ட் என்ற பெயரில் பேட்ஸ் வெளியிட்ட 'காமெரா ஒப்ஸ்கூரா' என்ற உரைநடைக் கதைத் தொகுப்பைப் படியுங்கள். ஹேம்ஸ்டேடேயில் பாதிரியாராகப் பொறுப்பேற்றது அதற்கும் அடுத்த வருஷம்தான். அந்தப் புத்தகத்தில் கேய்ஸ்யே என்றொரு கிழவர் வருவார். தேவாலயத்தின் ஏழை முதியோர் விடுதியில் இருந்துகொண்டு, ஒரு வீட்டில் எடுபிடி வேலை செய்பவர். சொந்தக் காசில் வாங்கிய துணியோடுதான் புதைகுழிக்குப் போக வேண்டும் என்று ரகசியமாகச் சேர்த்து வைத்திருப்பார். அந்தக் காசைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். பறிபோனதை அவர் அழுதுகொண்டே சொல்லும் இடத்துக்கு முன்னால் மூன்று காவியங்களும் நிற்காது.

விமர்சகர் பொட்கீடர் 1841-ல் 'டெ கிட்ஸ்' இதழில் இந்தப் புத்தகத்தை, அன்றாட வாழ்க்கையை நகலெடுக்கும் ஆசை என்று சாடினார். நான் இதை ஏற்கமாட்டேன். கேய்ஸ்யேயின் வாயைத் திறந்து பேசவைப்பது நகல் வேலை ஆகாது.

பேட்ஸ் மீது குறை சொல்லியே தீர வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்: 'காமெரா ஒப்ஸ்கூரா'வின் 1851 பதிப்பில் சேர்த்த கதைகளோடு சரி, 1903-ல் இறக்கும் வரை இப்படி இன்னொரு உரைநடைப் புத்தகத்தை அவர் தரவே இல்லை.