பழைய ஹை-ஃபை ஆம்ப்ளிஃபயர்களில் எதைப் பழுதுபார்க்கலாம், எதை விட்டுவிடலாம்?

கெட்டுப்போன பாகத்துக்கு இன்றும் மாற்று கிடைக்கிறதா? கிடைத்தால் பழுதுபார்க்கலாம். பிராண்டெல்லாம் அப்புறம்.

1978-இல் வந்த என்ஏடி 3020 என்ற ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். சேனலுக்கு 20 வாட்தான். ஆனால் உள்ளே இருப்பவை தனித்தனி டிரான்சிஸ்டர்கள். ஒன்று போனால் அதற்கு இணையானதைப் போட்டுவிடலாம். 1980களின் பல ஆம்ப்களிலோ எஸ்டிகே என்ற ஒரே கட்டிக்குள், ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் பகுதி முழுவதும் அடங்கியிருக்கும். அது எரிந்தால் அசல் கிடைப்பது அரிது. சந்தையில் போலிகள் ஏராளம்.

பழைய வீட்டில் ஓடு உடைந்தால் மாற்றலாம். உத்தரமே இற்றிருந்தால் யோசிக்க வேண்டும். காய்ந்த கெபாசிட்டர், கரகரக்கும் வால்யூம் குமிழ் இதெல்லாம் ஓடு. டிரான்ஸ்ஃபார்மர்தான் உத்தரம். மூடியைக் கழற்றியதும் அதிலிருந்து கருகிய வார்னிஷ் வாடை வந்தால், நானாக இருந்தால் அங்கேயே மூடிவிடுவேன் (அப்பா வாங்கியது என்றால் கதை வேறு).

ஆம்பின் பவர் விளக்கு எரிகிறதே, சின்னப் பழுதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டான ஆம்பிலும் விளக்கு எரியலாம், அதில் மாட்டிய ஸ்பீக்கரும் சேர்ந்து போகலாம்.