அயல்நாட்டில் ஆடும் ஐஸ் ஹொக்கிப் பின்கள வீரருக்குப் பெயர் கிடைக்குமா?

வெளிநாட்டு லீக்கில் தொழில்முறை ஐஸ் ஹொக்கி ஆடப் போகும் பின்கள வீரருக்கு அங்கே என்ன மதிப்பு இருக்கும், கோல் அடிக்கும் முன்கள வீரர்களைத்தானே எல்லோரும் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால், உங்கள் வீட்டுப் பிள்ளையோ உறவுப் பிள்ளையோ பின்களத்தில் ஆடுகிறார், ஐரோப்பியக் கழகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, வீட்டில் பாதிப்பேர் போகச் சொல்கிறார்கள், மீதிப்பேர் தயங்குகிறார்கள் என்று ஊகிக்கிறேன். மதிப்புக் கிடைக்கும் என்பதே என் பதில். ஆனால் அது முன்கள வீரருக்கு வருவதைவிடப் பிந்தித்தான் வரும். ஆட்டத்தை ஊன்றிப் பார்ப்பவர்களிடமிருந்துதான் முதலில் வரும். இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக 16 பருவங்கள் ஆடிய ஸ்வீடன்காரர் போர்ஜே சல்மிங்.

1980களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த ரொறன்ரோ நகரத்துக்கு வந்து சேர்ந்தவன் நான். வந்த புதிதில் உணவகம் ஒன்றின் சமையலறையில் கோப்பை கழுவும் வேலை. சனிக்கிழமை இரவுகளில் வாடிக்கையாளர் பகுதியில் இருந்த தொலைக்காட்சியில் ஹொக்கி ஓடும். வேலை ஓய்ந்த நேரங்களில் கதவோரம் நின்று பார்ப்போம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் கறுப்புத் தட்டு, அதாவது பக், எங்கே போகிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. அங்கே தலைமைச் சமையல்காரராக இருந்த போர்ச்சுகல்காரர் ஒருநாள், "பக்கைத் தேடாதே, 21ஆம் இலக்கக்காரரை மட்டும் பார்" என்றார். அந்த இலக்கத்தை அணிந்திருந்தவர்தான் சல்மிங்.

அன்றிலிருந்து அவரை மட்டுமே பார்க்கத் தொடங்கினேன். எதிரணி வீரர் முழு வேகத்தில் பாய்ந்து வருவார். சல்மிங் முகத்தை அவர் பக்கம் வைத்தபடியே பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டு போவார். பார்வை பக்கில் இருக்காது, வருகிறவரின் மார்பில் இருக்கும். மட்டையின் அலகைப் பனித்தளத்தில் படியவைத்து நடுப்பாதையை அடைத்துவிடுவதால், வருகிறவருக்கு ஓரப் பலகைப் பக்கம் ஒதுங்குவதைத் தவிர வழி இருக்காது. அங்கே போனதும் தோளால் ஒரு நெருக்கு, பக் கைமாறிவிடும். யாராவது தூரத்திலிருந்து அடிக்க மட்டையை ஓங்கினால், அடியின் பாதையில் தன் உடலையே குறுக்கே கிடத்துவார். இவை எதுவும் மறுநாள் பத்திரிகையின் புள்ளிவிவரக் கட்டத்தில் இருக்காது.

அவர் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1951இல் ஸ்வீடனின் வடகோடியில், கிருனா என்ற சுரங்க நகருக்கு அருகில் பிறந்தவர். தந்தை, வட ஐரோப்பாவின் சாமி (Sámi) என்ற பழங்குடி வழிவந்தவர். மகனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே சுரங்க விபத்தில் இறந்துபோனார். பின்னர் பிரைனாஸ் கழகத்தில் ஆடி 1971, 1972 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஸ்வீடன் பட்டம் வென்ற அணியில் இருந்தார். ரொறன்ரோவின் ஆள்தேடுநர் ஜெரி மக்நமாரா ஸ்வீடனுக்குப் போனபோது இங்யெ ஹம்மர்ஸ்ட்ரோம் என்ற முன்கள வீரரைப் பார்த்தார். அங்கேயே சல்மிங்கையும் கண்டுகொண்டார். 1973இல் இருவரும் சேர்ந்தே ரொறன்ரோவுக்கு வந்தார்கள்.

ரொறன்ரோ ஆடும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். அந்தக் காலத்தில் முழுக்க முழுக்க வட அமெரிக்கர்களின் கூடாரம். ஸ்வீடன்காரன் என்றால் பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். சல்மிங்கின் இரண்டாவது ஆட்டமே பிலடெல்பியாவில், லீக்கிலேயே மிக முரட்டு அணியோடு. முழங்கையாலும் மட்டையாலும் இடித்தும் குத்தியும் பார்த்தார்கள், அவர் அசையவில்லை. 1976 ஏப்ரலில் அதே பிலடெல்பியாவின் மெல் பிரிட்ஜ்மன் ரொறன்ரோ மைதானத்திலேயே அவருடைய முகத்தில் குத்து மழை பொழிந்தார். அடுத்த ஆட்டத்தில் சல்மிங் தனியாளாகப் பக்கைக் கொண்டுபோய் பேர்னி பேரன்ட் என்ற மகத்தான வாயிற்காவலரைத் தாண்டி கோல் போட்டார். அதே ஆண்டு கனடாக் கிண்ணப் போட்டிக்கு அவர் ஸ்வீடன் அணியின் சீருடையில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் இறங்கியபோது, ரொறன்ரோ ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வேறு நாட்டு அணிக்காக வந்தவருக்கு, அதுவும் ஒரு பின்கள வீரருக்கு, ஒரு நகரம் கொடுத்த மரியாதை அது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் என்னிடம் இல்லை.

பின்னாளில் வந்த ஸ்வீடன் பின்கள வீரர் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமை விட்டுவிட்டுச் சல்மிங்கைப் பற்றி எழுதுகிறாயே என்று ஹொக்கி தெரிந்தவர்கள் கேட்கலாம். லிட்ஸ்ட்ரோம் சிறந்த பின்கள வீரருக்கான நொரிஸ் விருதை 7 முறையும், டிட்ரோயிட் அணியோடு என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கிண்ணத்தை 4 முறையும் வென்றவர் என்பதையும், சல்மிங் இவற்றில் ஒன்றைக்கூட வெல்லவில்லை என்பதையும் நான் அறிவேன். நொரிஸில் சல்மிங் இரண்டு முறை இரண்டாம் இடம் வரைதான் வந்தார். ஆனால் லிட்ஸ்ட்ரோமைச் சுற்றி வலுவான அணி இருந்தது; சல்மிங்கைச் சுற்றி, குறிப்பாக 80களில், அப்படி ஒன்றை இந்நகரக் கழகம் கட்டித் தரவில்லை. கழக உரிமையாளராக இருந்த ஹரல்ட் பலார்ட், முட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு ஹம்மர்ஸ்ட்ரோம் மூலைக்குள் போனாலும் ஒன்றுகூட உடையாது என்று தன் சொந்த வீரரையே பகிரங்கமாக இகழ்ந்தவர். அந்தச் சூழலிலும் என்.எச்.எல்.லில் 1,148 ஆட்டங்கள், 637 கோல் உதவிகள். 1996இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் ஸ்வீடன்காரர். லிட்ஸ்ட்ரோம் நடந்து வந்த பாதையைத் திறந்தவர் யார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

1986 நவம்பர் 26 அன்று, வாயிலுக்கு முன்னால் ஏற்பட்ட நெருக்கடியில் கீழே விழுந்துகிடந்த அவருடைய முகத்தை டிட்ரோயிட் வீரர் ஒருவரின் சறுக்குக் காலணி தவறுதலாக மிதித்துக் கிழித்தது. 200க்கும் மேற்பட்ட தையல்கள். கண்ணருகிலிருந்து வாய்வரை ஓடிய அந்தத் தையலின் படத்தைப் பார்த்த எங்கள் சமையலறையில் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. அவர் அதன் பிறகும் திரும்பிவந்து 1989 வரை ரொறன்ரோவுக்காக ஆடினார்.

இந்தக் கேள்வி என்னைத் தைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மகன் ஸ்காபரோவில் சிறுவர் லீக்கில் ஆடிய காலம் முழுவதும் பின்களத்தில்தான் நின்றான். பிறந்தநாள் கொண்டாட்டங்களில் மாமாமாரும் சித்தப்பாமாரும் அவனைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கோல் அடிச்சனி?" என்பதுதான். கோல் இல்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பருவ முடிவில் அந்த லீக் நடத்திய பரிசளிப்பிலும் அதிக கோல் அடித்தவர்களுக்கே கேடயங்கள். எதிரணிக்குக் கோலே கொடுக்காமல் காத்த பிள்ளைகளை மேடைக்கு அழைக்கக்கூட இல்லை. அது அநியாயம் என்று அப்போதே பொறுப்பாளர்களிடம் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அழைப்பு வந்திருக்கும் உங்கள் பிள்ளையிடமாவது வீட்டார் கோல் கணக்குக் கேட்காமல் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவுக்குப் போவதானால் இரண்டு விடயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது, களத்தின் அகலம். வட அமெரிக்காவில் அது ஏறத்தாழ 26 மீற்றர். ஐரோப்பாவில் பல களங்கள் 30 மீற்றர். எதிராளியை ஓரத்துக்கு ஒதுக்கும் கோணமும், அவருக்கும் தனக்கும் இடையில் விடும் இடைவெளியும் மாறிவிடும். முதல் மாதங்களில் நல்ல பின்கள வீரர்கூடத் தடுமாறுவார். சல்மிங் இதற்கு நேரெதிரான மாற்றத்தைச் சந்தித்தவர். இரண்டாவது, வெளிநாட்டு வீரர்களுக்கான வரம்பு. சுவிட்சர்லாந்தின் முதல்நிலை லீக்கில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 6 வெளிநாட்டவரைத்தான் இறக்கலாம். அந்த இடங்களுக்கு முன்கள வீரர்களும் போட்டியிடுவதால், பயிற்றுநர் தன்னை எந்தச் சூழலில் இறக்கப் போகிறார், தண்டனையால் ஓர் ஆள் குறைவாக ஆடும்போதா, எதிரணிக்குத் தண்டனை கிடைத்து ஓர் ஆள் கூடுதலாக ஆடும்போதா, ஆட்டத்துக்கு ஏறத்தாழ எத்தனை நிமிடங்கள் என்பதையெல்லாம் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சம்பளத்தைப் பற்றிப் பேச முகவர் இருப்பார். இதைப் பிள்ளையே நேரடியாகப் பயிற்றுநரிடம் பேசுவதுதான் நல்லது.

முடிந்தால், தன் நாட்டவர் ஒருவராவது ஏற்கெனவே இருக்கும் அணியாகப் பார்க்கட்டும். தொடக்க ஆண்டுகளில் சல்மிங்குக்கு மொழி தெரிந்த துணையாக ஹம்மர்ஸ்ட்ரோம் பக்கத்தில் இருந்தார். எந்த நாட்டு லீக்கிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்று குறிப்பிட்டால், அங்குள்ள ஆட்டமுறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன்.