மதர்போர்டுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்? கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. கேமிங் பிசி அசெம்பிள் பண்றது எனக்குத் தொழில் இல்ல, பைத்தியம். சொந்தக்காரங்க, ஆபீஸ்காரங்க, பக்கத்து வீட்டுப் பையன்னு ஆரம்பிச்சு இப்ப யார்னே தெரியாதவங்களுக்கெல்லாம் பார்ட்ஸ் லிஸ்ட் எழுதித் தர்ற அளவுக்கு வந்துடுச்சு. ஹை-எண்ட், அதாவது விலை கூடின மதர்போர்டு பத்தி நிறைய பேர் தனித்தனியா கேட்டுட்டே இருக்கீங்க, அதனால இன்னிக்கு ராத்திரி மொத்தமா உக்காந்துட்டேன், டீயும் ரெடி.

சேலம் ஸ்நைப்பர்: அண்ணா பட்ஜெட் 3.5 லட்சம். ரைசன் 7 9800எக்ஸ்3டி, ஆர்டிஎக்ஸ் 5080. போர்டுக்கு மட்டும் 65,000 ஒதுக்கி வச்சிருக்கேன், எக்ஸ்870ஈ சிப்செட்ல பெரிய போர்டா பாக்குறேன். 20,000 ரூபா போர்ட விட எஃப்பிஎஸ் (நொடிக்கு வர்ற ஃப்ரேம்) எவ்வளவு கூடும்?

கூடாது தம்பி. எதுவுமே கூடாது. கேம்ல ஃப்ரேம் தள்றது கிராபிக்ஸ் கார்டும் ப்ராசசரும்தான், போர்டு அதுங்களுக்குக் கரண்டும் பாதையும் குடுக்குது, அவ்வளவுதான். "விஆர்எம் நல்லா இருந்தா ஸ்பீடு வரும்"னு கடைல சொல்லுவாங்க (விஆர்எம்னா ப்ராசசருக்குக் கரண்ட மாத்திக் குடுக்கற பகுதி), ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாரு. 9800எக்ஸ்3டி அதிகபட்சம் 162 வாட் இழுக்கும், கேம் ஆடும்போது பெரும்பாலும் அதுல பாதிகூட வர்றதில்ல. 162 வாட்டையே எடுத்துக்கோ, 1.2 வோல்ட்னு வச்சா 135 ஆம்பியர். இப்ப நடுத்தர போர்டுலயே 14 ஃபேஸ் (அந்தக் கரண்ட பங்கு போட்டுத் தர்ற சின்னச் சின்ன பகுதி), ஒவ்வொண்ணும் 80 ஆம்பியர்னு போட்டிருப்பான், பெருக்கினா 1120. அந்த ரேட்டிங்க அப்படியே நம்பக்கூடாது, சூடு ஏறினா குறையும், ஆனா பாதியாக் குறைச்சாலும் உன் ப்ராசசர் கேக்கறது அதுக்கு வெறும் சோளப்பொரிதான். 110 ஆம்பியர் 20 ஃபேஸ்ங்கறதெல்லாம் திரவ நைட்ரஜன் ஊத்தி ஓவர்க்ளாக் (கம்பெனி வச்ச ஸ்பீடுக்கு மேல ஓட்டறது) பண்றவனுக்கு. நீ அதப் பண்ணப் போறியா?

சேலம் ஸ்நைப்பர்: இல்லண்ணா 😅 அப்ப அந்த மிச்சக் காசு எதுக்குத்தான் போகுது?

வசதிக்குப் போகுது. பின்னாடி யூஎஸ்பி போர்ட் அதிகம், 5 அல்லது 10 கிகாபிட் லேன் (நெட் கேபிள் சொருகற போர்ட்), எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி நேரா சொருகற இடம்) அஞ்சு ஆறு, கிராபிக்ஸ் கார்ட பட்டன் அமுக்கிக் கழட்டுற வசதி, பூட் ஆகலன்னா எங்க நிக்குதுன்னு ரெண்டு எழுத்துல காட்டுற டிஸ்பிளே, போர்டுலயே பவர் பட்டன், கனமான ஹீட்சிங்க், அப்புறம் கலர் கலரா லைட்டு. இதுல எது உனக்கு வேணும்னு ஒரு பேப்பர்ல எழுது, அதுக்கு மட்டும் காசு குடு. அந்த எரர் கோடு டிஸ்பிளேவ நான் கிண்டல் பண்ண மாட்டேன், ராத்திரி 2 மணிக்கு டிஸ்பிளே வராம உக்காந்திருக்கறவனுக்கு அது தெய்வம். மத்தபடி போர்ட 25,000-30,000ல முடிச்சுட்டு மிச்சத்த நல்ல மானிட்டருக்கோ பவர் சப்ளைக்கோ போடு, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஃபைபர்ஹெட்: ப்ரோ ரெண்டு ஜென்5 எஸ்எஸ்டி போடணும், எடிட்டிங்கும் பண்றேன். ஒரு எக்ஸ்870ஈ போர்டுல ரெண்டாவது ஸ்லாட்ல எஸ்எஸ்டி போட்டா கார்டு எக்ஸ்8க்கு இறங்கிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு. உண்மையா? 60,000 குடுத்து வாங்குன போர்டுல அப்படி ஆகுமா?

உண்மைதான், இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

ஏஎம்5 (இப்ப ரைசன் உக்கார்ற சாக்கெட்) ப்ராசசர்ல வெளிய எடுக்கக் கிடைக்கிறது 24 லேன். இது நெட் லேன் இல்ல, டேட்டா போற பாதை; எக்ஸ்8னா எட்டு பாதை, ஜென்4, ஜென்5ங்கறது பாதையோட தலைமுறை, எண் கூடினா வேகம் கூடும். சிப்செட்டுக்கு (போர்டுல மிச்ச சாமானையெல்லாம் ப்ராசசரோட சேக்கற சிப்) போற நாலு இந்தக் கணக்குல சேராது. 24ல 16 கிராபிக்ஸ் கார்டுக்கு, 4 முதல் எம்.2க்கு, மிச்சம் 4. இந்த மிச்ச நாலுலதான் சண்டையே. எக்ஸ்870, எக்ஸ்870ஈன்னு பேர் போடணும்னா யூஎஸ்பி4 (வேகமான புது யூஎஸ்பி) கட்டாயம் இருக்கணும்னு ஏஎம்டி சொல்லிடுச்சு, அந்த யூஎஸ்பி4 சிப் பொதுவா அந்த நாலு லேனையும் முழுங்கிடும். அப்ப ரெண்டாவது ஜென்5 எம்.2க்கு லேன் எங்க இருந்து வரும்? கார்டோட 16ல இருந்து பிடுங்கித்தான் தரணும். சில போர்டுல யூஎஸ்பி4ஐயும் எம்.2வையும் மாத்தி மாத்தி பங்கு போட விட்டிருப்பான், பயாஸ்ல (போர்டோட சொந்த சாஃப்ட்வேர், செட்டிங்ஸ் அங்கதான்) போய் நாமதான் எது வேணும்னு சொல்லணும்.

பயப்படற அளவுக்கு இல்லன்னும் சொல்லிடறேன். ஜென்5 எக்ஸ்8ங்கறது ஜென்4 எக்ஸ்16க்கு சமம், 5090லயே வித்தியாசம் ரொம்பக் கம்மி, விளையாடும்போது கண்டுபிடிக்க முடியாது. ஆனா உங்க கார்டு ஜென்4 கார்டா இருந்தா எக்ஸ்8க்கு இறங்கும்போது ஜென்4 எக்ஸ்8தான் கிடைக்கும், அது கொஞ்சம் கடிக்கலாம்.

இன்னொண்ணு, சிப்செட் வழியா வர்ற எம்.2, சாட்டா, யூஎஸ்பி எல்லாம் சேந்து ப்ராசசருக்குப் போறது ஒரே ஒரு ஜென்4 எக்ஸ்4 பாதைல, நொடிக்கு சுமாரா 8 ஜிபி. ஆறு வீட்டுத் தண்ணியும் ஒரே குழாய்ல வர்ற மாதிரி. ஒரே நேரத்துல எல்லாரும் திறக்காத வரைக்கும் பிரச்னை இல்ல, பெரிய ஃபுட்டேஜ ஒரு டிரைவ்ல இருந்து இன்னொண்ணுக்கு காப்பி பண்ணிக்கிட்டே எடிட் பண்ணீங்கன்னா தெரியும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனி சைட்ல மேனுவல டவுன்லோட் பண்ணி எம்.2 பக்கத்த மட்டும் படிங்க. கீழ பொடி எழுத்துல "இந்த ஸ்லாட் போட்டா அந்த ஸ்லாட் ஆஃப்"னு எழுதியிருப்பான். பாக்ஸ்ல எழுத மாட்டான்.

கோவை_காப்பி: எக்ஸ்670ஈ ஸ்டாக் கிளியரன்ஸ்ல சீப்பா வருது. எக்ஸ்870ஈ எடுக்கறது முட்டாள்தனமா?

உள்ள இருக்கற சிப் ஒண்ணுதாங்க. ப்ரொமன்டரி 21னு ஒரு சிலிக்கான், ரெண்டுலயும் அதையே ரெண்டு போட்டிருக்கான். 2022ல வந்தப்ப எக்ஸ்670ஈ, 2024 செப்டம்பர்ல யூஎஸ்பி4 கட்டாயம்னு சேத்து எக்ஸ்870ஈ. மாப்பிள்ளை அவர்தான், சட்டை புதுசு. யூஎஸ்பி4, வைஃபை 7 தேவையில்லன்னா பழசையே தைரியமா எடுங்க, விலை நிஜமாவே இறங்கியிருந்தா மட்டும். பி850ங்கற சிப்செட் போர்டையும் பாருங்க, அதுல யூஎஸ்பி4 கட்டாயம் இல்லாததால அந்த நாலு லேன் பெரும்பாலும் எம்.2க்கே வந்துடும், கேமிங்குக்கு எனக்குப் பிடிச்சது அதுதான்.

ஒரு அம்மா: வணக்கம் தம்பி. எனக்கு இதெல்லாம் தெரியாது. பையன் 12ஆவது முடிச்சுட்டான், கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தேன். போர்டு மட்டும் 75 ஆயிரம்னு ஒரு லிங்க் அனுப்பறான், கம்மியானது வாங்கினா வெடிச்சுடும்ங்கறான். நிஜமா?

வணக்கம்மா. வெடிக்காது. பையன்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: "எத்தன எஸ்எஸ்டி போடப் போற, ஓவர்க்ளாக் பண்ணப் போறியா". முதலுக்கு ஒண்ணு ரெண்டுன்னு சொல்லி ரெண்டாவதுக்கு முழிச்சான்னா 20,000 ரூபா போர்டே தாராளம். பவர் சப்ளைல மட்டும் கம்மி பண்ணாதீங்கம்மா, வெடிக்கற சாமான்னு ஒண்ணு இருந்தா அது மட்டமான பவர் சப்ளைதான். அப்புறம் பையன் என்னைத் திட்டுவான், பரவால்ல.

நெல்லை_நூப்: அண்ணாச்சி, போர்டுல நாலு ராம் ஸ்லாட் இருக்குல்லா, 16 ஜிபி நாலு வாங்கி ரொப்பிரலாமா? பாக்கவும் அழகா இருக்கும்.

வேண்டாம்பா, டிடிஆர்5ல அது அழகா இருக்கற ஆபத்து. ரைசன் 9000க்கு ரெண்டு ஸ்டிக்னா ஏஎம்டி அதிகாரப்பூர்வமா சொல்ற ஸ்பீடு 5600, நாலு போட்டா 3600. அதிர்ஷ்டம் இருந்தா அதுக்கு மேல ஓடும், ஆனா அதிர்ஷ்டத்த நம்பி 50,000 ரூபா போர்டு வாங்குவாங்களா? 32 ஜிபி ரெண்டு, ஸ்பீடு 6000, சிஎல்30 (தாமத எண், கம்மின்னா நல்லது), எக்ஸ்போ (ராம அதோட முழு ஸ்பீடுக்கு ஏத்தற பயாஸ் செட்டிங்) ஆன் பண்ணு, முடிஞ்சுது. ப்ராசசர்ல இருந்து எண்ணினா ரெண்டாவது, நாலாவது ஸ்லாட். 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க புண்ணியத்துல ராம் விலை எங்கயோ போயிடுச்சு, அதனால இப்போதைக்கு 16 ஜிபி ரெண்டோட நிறுத்தினாலும் தப்பில்ல. "இப்ப ரெண்டு, அப்புறம் ரெண்டு"ங்கற பிளான் மட்டும் வேண்டாம்.

ப்ளூடீம்: எல்லாரும் ஏஎம்டி ஏஎம்டின்னு... இன்டெல் இசட்890 சிப்செட் போர்டு ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?

போர்டு நல்ல போர்டுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா 2024 அக்டோபர்ல அதோட வந்த கோர் அல்ட்ரா 200 சீரிஸ், கேம்ல 9800எக்ஸ்3டி பக்கத்துலகூட வரல, பல கேம்ல இன்டெலோட பழைய 14ஆவது தலைமுறையே அத முந்துச்சு. எடிட்டிங், ரெண்டரிங் அதிகம்னா யோசிக்கலாம். இன்னொரு விஷயம் சாக்கெட் ஆயுசு. ஏஎம்5க்கு முந்தின ஏஎம்4 சாக்கெட்ல 2017ல வாங்கின பி350 போர்டுல பயாஸ் அப்டேட் பண்ணி 2022ல வந்த 5800எக்ஸ்3டிய சொருகி ஓட்டின ஆளுங்க இருக்காங்க. ஏஎம்5க்கும் 2027 வரைக்குமாவது சப்போர்ட்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. ஹை-எண்ட் போர்டுக்குக் காசு குடுக்கறதுல ஏதாவது நியாயம் இருக்குன்னா அது இதுதான், ஒரே போர்டுல ரெண்டு மூணு ப்ராசசர் மாத்தலாம். அப்படி வச்சிக்கப் போறவங்க பயாஸ் சிப் 64 எம்பியான்னு ஸ்பெக் ஷீட்ல பாருங்க, ஏஎம்4 காலத்துல 16 எம்பி சிப்ல இடம் பத்தாம பழைய ப்ராசசர் சப்போர்ட்டத் தூக்கின கூத்தெல்லாம் நடந்துச்சு.

யாழ் கேமர்: அண்ணை, இஞ்ச சில நேரம் கரண்ட் நிக்கும். பயாஸ் அப்டேட் செய்யப் பயமா கிடக்கு. இடையில கரண்ட் போனா போர்டு செத்துடுமோ?

பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கற போர்டா எடுங்க, பின்பக்கம் யூஎஸ்பி பக்கத்துல சின்னதா இருக்கும். நடுவுல கரண்ட் போய் பயாஸ் கெட்டாலும் பென்டிரைவ்ல ஃபைல் போட்டு திருப்பி ஏத்திடலாம், ப்ராசசரோ ராமோ இல்லாமலே வேலை செய்யும். இது 20,000 ரூபா போர்டுல இருக்கு, சில 30,000 ரூபா போர்டுல இல்ல, அதனால பாத்து வாங்குங்க. யூபிஎஸ் இருந்தா அதுல போட்டே அப்டேட் பண்ணுங்க. விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிரைவப் பூட்டி வைக்கிற வசதி) ஆன்ல இருந்தா ரெக்கவரி கீய முதல்லயே எழுதி வச்சுக்கோங்க, பயாஸ் மாத்தினதும் அது கேக்க வாய்ப்பிருக்கு. செக்யூர் பூட்ங்கற (நம்பகமான விண்டோஸ்தான் ஓடுதான்னு பாக்கற) பயாஸ் செட்டிங்கும் ஆஃப் ஆகியிருக்கலாம், அப்ப வேலரன்ட், பேட்டில்ஃபீல்ட் 6 மாதிரி கேமெல்லாம் உள்ள விடாது. போர்டு போச்சுன்னு நினைச்சுடாதீங்க, திருப்பி ஆன் பண்ணா சரி.

தூக்கம்போச்சு: அவசரம் ப்ரோ!! இப்பதான் அசெம்பிள் பண்ணேன். ஃபேன் சுத்துது, டிஸ்பிளே இல்ல, 4 நிமிஷம் ஆச்சு, ஆஃப் பண்ணிட்டு ராம கழட்டவா?

கைய எடுங்க! மெமரி ட்ரெயினிங் (போர்டு ராமோட ஒத்துப்போக சோதனை பண்ணிப் பாக்கறது) ஓடுது, டிடிஆர்5ல முதல் தடவை அப்படித்தான். 15 நிமிஷம் எந்திரிச்சு வெளிய போங்க. எச்டிஎம்ஐ கேபிள் கார்டுல இருக்கா போர்டுல இருக்கான்னு மட்டும் பாத்துட்டுப் போங்க, கார்டுலதான் இருக்கணும்.

தூக்கம்போச்சு: வந்துருச்சு 🙏🙏 கேபிள் போர்டுலதான் இருந்துச்சு

தெரியும்.

ரிச்சி_ரெகுலர்: எக்ஸ்3டி ப்ராசசர் எரிஞ்சு போச்சுன்னு ஒரு பேச்சு ஓடுச்சே, நல்ல போர்டு வாங்கினா தப்பிக்கலாமா?

2023 ஏப்ரல்ல 7800எக்ஸ்3டி வந்த புதுசுல நடந்தது. எக்ஸ்போ ஆன் பண்ணதும் சில போர்டுங்க எஸ்ஓசி வோல்டேஜ (ப்ராசசருக்குள்ள மெமரிய கவனிக்கற பகுதிக்குப் போறது) அளவுக்கு மேல ஏத்தி விட்டுச்சு, ப்ராசசரும் சாக்கெட்டும் சேந்து கருகிச்சு. அதுல விலை கூடின போர்டும் உண்டு, அதனால காசு காப்பாத்தாது. ஏஎம்டி அப்புறம் 1.3 வோல்ட்டுக்கு மேல போகாதபடி பயாஸ்ல பூட்டு போட்டுச்சு. எந்த போர்டு வாங்கினாலும் முதல் வேலை புது பயாஸ், அப்புறம்தான் எக்ஸ்போ.

அப்படியே ஒரு சொந்தக் கதை. ஏஎம்5ல பின் எல்லாம் போர்டுலதான் இருக்கு, மேல ஒரு பிளாஸ்டிக் மூடி வரும். நான் ஒரு தடவை ப்ராசசர் மாட்டிட்டு அந்த மூடிய குப்பைல போட்டுட்டேன். எட்டு மாசம் கழிச்சு லேன் போர்ட் செத்துப்போய் வாரன்டிக்குக் கொண்டு போனா, சர்வீஸ் சென்டர்ல "சாக்கெட் கவர் எங்க சார்"னாங்க. லேனுக்கும் கவருக்கும் என்னய்யா சம்பந்தம்னு அரை மணி நேரம் கத்திப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. கடைசில தெரிஞ்ச கடைக்காரர்கிட்ட ஒரு பழைய மூடிய வாங்கி மாட்டிக் குடுத்தப்புறம்தான் வாங்கிக்கிட்டாங்க. அம்பது பைசா பெறாத பிளாஸ்டிக். மூடிய போர்டு பாக்ஸ்லயே போட்டு வைங்க, பாக்ஸ பரண்ல போடுங்க, பில்ல போட்டோ எடுத்து வைங்க.

சேலம் ஸ்நைப்பர்: அண்ணா கடைசியா ஒண்ணு. இவ்வளவு சொல்றீங்களே, உங்க சிஸ்டத்துல என்ன போர்டு?

இதக் கேக்காம போயிடுவன்னு நெனச்சேன். 2022ல எக்ஸ்670ஈ வந்த சூட்டோட அதுல பெரிய போர்டா வாங்கினவன் நான். அஞ்சு எம்.2 ஸ்லாட், ரெண்டு நிரம்பியிருக்கு. 10 கிகாபிட் லேன் இருக்கு, வீட்டு நெட் 200 எம்பிபிஎஸ். பூட் ஆனதும் அந்த டிஸ்பிளேல "ஏஏ"ன்னு எரியும், எல்லாம் ஓகேன்னு அர்த்தம். அத மட்டும் தினமும் ஒரு தடவை பாத்துக்குவேன், குடுத்த காசுக்கு.

டீ ஆறிடுச்சு. மிச்சக் கேள்விக்கு நாளைக்கு வர்றேன்.