ரயில் போன தடத்தில் சைக்கிளும் தூண்டிலும்: கிரேட் அலகேனி பாசேஜ் கேள்வி பதில்

கே: அமெரிக்காவில் பழைய ரயில் தடத்தில் அமைந்த இந்தச் சைக்கிள் பாதை, பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லாந்து வரை 240 கி.மீ. ஐந்து நாள் லீவு இருக்கிறது. நாளுக்கு 48 கி.மீ. என்று பிரித்துக்கொண்டால் சரியாக இருக்குமா?

சைக்கிள் மட்டும் ஓட்டுவதென்றால் சரி. மீனும் பிடிக்க வேண்டும் என்றால் இந்தச் சமப் பங்கீடுதான் முதலில் கெடுக்கும். சாயங்காலம் வெயில் தாழும்போது மீன் கடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் மிதித்துக்கொண்டிருப்பீர்கள். ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனுக்கு நல்ல தண்ணீர் யாக்கியகேனி ஆற்று அணைக்கட்டின் அடிவாரத்தில் கன்ஃப்ளூயன்ஸ் ஊரில் தொடங்கி ஓஹையோபைல் வரை, சுமார் 17 கி.மீ. மட்டுமே. அங்கே இரண்டு இரவு தங்குகிற மாதிரி மற்ற நாட்களை நீட்டிக் குறுக்குங்கள்.

முதல் நாள் பிட்ஸ்பர்க்கிலிருந்து சீடர் க்ரீக் பூங்கா, சுமார் 64 கி.மீ. இரண்டாம் நாள் கன்ஃப்ளூயன்ஸ், 78 கி.மீ.; இதுதான் கனமான நாள், விடியற்காலையில் கிளம்புங்கள். மூன்றாம் நாள் முழுக்கத் தூண்டில். நான்காம் நாள் காலையிலும் போடலாம், ஏனென்றால் பிற்பகலில் ராக்வுட் வரை 29 கி.மீ.தான். ஐந்தாம் நாள் கம்பர்லாந்து, 70 கி.மீ. பாதையின் உச்சி வரை 31 கி.மீ. ஏற்றம், மிச்சம் இறக்கம்.

கே: எதிர்த்திசையில் போனால் எளிதா, அண்ணா?

கம்பர்லாந்திலிருந்து கிளம்பினால் முதல் 39 கி.மீ. ஒரே ஏற்றம், 530 மீட்டர் ஏற வேண்டும். சரிவு 2 சதவீதத்தைத் தாண்டாது, ரயில் ஏறிய பாதைதானே. ஆனால் முழுச் சுமையோடு, பழகாத காலோடு, முதல் நாளிலேயே அது வேண்டாம். பிட்ஸ்பர்க் பக்கமிருந்து ஏறுவது கண்ணுக்கே தெரியாது. பாதையின் உச்சி 729 மீட்டர். அதைத் தாண்டினால் ஒரு கி.மீ. நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கம். குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள், ஏப்ரலில்தான் திறப்பார்கள். மார்ச்சில் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் மலையுச்சியில் மாட்டிக்கொள்வார்கள்.

கே: மீன்பிடி லைசென்ஸ் ஒன்று போதுமா?

பாதையின் கடைசி 33 கி.மீ. தவிர மற்றதெல்லாம் பென்சில்வேனியா. 16 வயது ஆனவர்கள் அனைவருக்கும் லைசென்ஸ் வேண்டும். வெளி மாநிலத்தவருக்கு 3 நாள், 7 நாள் சுற்றுலா லைசென்ஸ் உண்டு. ட்ரவுட்டுக்கு அதோடு தனி பெர்மிட். பலர் லைசென்ஸை வாங்கிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். மேரிலாந்துக்குள் தூண்டில் போட்டால் அந்த மாநில லைசென்ஸ் வேறு. அங்கே ஆற்றில் இறங்கும்போது கம்பளி (ஃபெல்ட்) அடிப்பாகம் வைத்த ஷூவுக்கும் தடை. ரப்பர் அடியுள்ளதையே கொண்டுபோங்கள்.

ராம்காட் ஓடை ஆற்றில் சேரும் இடத்திலிருந்து ஓஹையோபைல் வரை தனி விதி இருக்கிறது. 14 அங்குலத்துக்குக் குறைந்த ட்ரவுட்டை விட்டுவிட வேண்டும். அதற்கு மேலிருந்தாலும் நாளொன்றுக்கு இரண்டுதான். செப்டம்பர் முதல் திங்கள் கழிந்தால் அடுத்த ஏப்ரல் சீசன் தொடங்கும்வரை ஒன்றுகூட எடுக்கக் கூடாது, பிடித்துத் திரும்ப ஆற்றில் விடலாம். சாப்பாட்டுக்கு மீனை நம்பிப் போகாதீர்கள்.

கே: தூண்டில் கோலை எப்படிக் கட்டுவது? என்னிடம் இரண்டு துண்டுக் கோல் இருக்கிறது.

அதை வீட்டில் விடுங்கள். 6 அடிக் கோலின் ஒரு துண்டு 3 அடி. கேரியரிலிருந்து நீட்டிக்கொண்டு, கேட்டைக் கடக்கும்போது கம்பத்தில் இடித்து நுனி ஒடியும். நான்கு துண்டாகப் பிரியும் 6½ அடிக் கோல் பைக்குள்ளேயே அடங்கும். உறை கெட்டியாக இருக்கட்டும். ரீல் 2500 அளவு, நரம்பு 6 பவுண்ட். 3 முதல் 5 கிராம் ஸ்பின்னர் (தகடு சுழலும் செயற்கை இரை) அரை டஜன், சிறு ஜிக் (தலையில் எடை வைத்த முள்) கொஞ்சம். ஓஹையோபைலுக்குக் கீழே ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன்தான் அதிகம். அதற்கும் இதே செட் போதும். ஸ்பின்னரின் மூன்று முள்ளையும் எடுத்துவிட்டு ஒற்றை முள் போட்டால் மீனை விடுவது சுலபம், கையிலும் குத்தாது.

கே: ஆற்றில் இறங்குவது ஆபத்தா?

அணையிலிருந்து அடியாழத் தண்ணீர் வருவதால் ஜூனிலும் சில்லென்றிருக்கும். திறந்துவிட்டால் மட்டம் உயரும். இறங்குமுன் கரையிலுள்ள ஒரு பாறையில் நீர்க்கோட்டைப் பார்த்து வையுங்கள். அது மூழ்கத் தொடங்கினால் உடனே கரையேறுங்கள். முழங்காலுக்கு மேல் வேண்டாம். ஓஹையோபைல் அருவிக்குக் கீழே படகுகள் பாயும் வேகச்சுழல் பகுதி. அங்கே கரையிலிருந்தே போடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ட்ரவுட்டுக்குத் தூண்டிலே போடாதீர்கள். பிடித்துத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது கடினம்.

கே: ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாமா?

காஸல்மன் ஆற்றின் ஓரத்திலும் வேறு சில இடங்களிலும் ஓடைக் கற்கள் ஆரஞ்சு நிறமாகக் கிடக்கும். பழைய நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கசியும் நீர் அது. கிருமியைத் தடுக்கும் ஃபில்டர், கரைந்த உலோகத்தைத் தடுக்காது. ஊர்க் குழாயில் நிரப்பி, ஆளுக்கு 3 லிட்டர் கொண்டுபோங்கள்.

கே: எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாமா சார்?

முடியாது, குறித்த இடங்களில் மட்டும். கன்ஃப்ளூயன்ஸில் அணைக்குக் கீழே உள்ள அவுட்ஃப்ளோ முகாம்தான் நம் காரியத்துக்குப் பொருத்தம், முன்பதிவு செய்துவிடுங்கள். ஓஹையோபைலின் கென்டக் முகாமுக்குப் பாதையிலிருந்து செங்குத்தான ஏற்றம், சுமையோடு தள்ளத்தான் வேண்டும். ஆற்றின் மறுகரையில் சரக்கு ரயில் இரவெல்லாம் ஓடும். காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.

கருங்கரடி உள்ள காடு. மீன் தொட்ட துணி, பற்பசை உட்பட வாசனையுள்ள எதையும் டென்டுக்குள் வைக்காதீர்கள். 4 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து தள்ளிக் கட்டித் தொங்கவிடுங்கள். உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். இரவு முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள்.

கே: சமையலுக்கு என்ன? அரிசி, பருப்பு கொண்டுபோகலாமா?

அரிசி வேகும் நேரத்துக்கு கேஸ் கரைந்துவிடும். அவல், வறுத்த ரவை, புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி போதும். தண்ணீர் கொதிக்க வைப்பது மட்டுமென்றால் 230 கிராம் சிலிண்டர் ஒன்று இருவருக்கு நான்கு இரவு தாங்கும். மிஞ்சியதை ரயிலில் ஏற்ற முடியாது, கம்பர்லாந்திலேயே விட்டுவிடுங்கள். ட்ரவுட்டுக்குச் செதில் உரிக்க வேண்டியதில்லை. குடலை எடுத்து, மஞ்சள் மிளகாய்த்தூள் தடவி அலுமினியத் தாளில் சுற்றித் தணலில் வைத்தால் ஆயிற்று. பென்சில்வேனியா ஆற்று மீனை வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்பது அரசு அறிவுரை.

கே: சைக்கிளில் என்ன முதலில் கெடும்?

கேரியர் ஸ்க்ரூ. சுண்ணாம்புக்கல் தூள் பாதையின் இடைவிடாத அதிர்வில் தளர்ந்து விழும். கிளம்புமுன் நீல நிற லாக் பசை தடவி இறுக்குங்கள். எம்5 ஸ்க்ரூ நான்கு உபரியாக வையுங்கள். அடுத்தது பின்சக்கர ஸ்போக்ஸ், பலரும் எல்லாச் சுமையையும் பின்னால் ஏற்றுவதால். கனமானதை முன்பைக்கு மாற்றுங்கள். டயர் 38 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். மழை பெய்தால் அந்தத் தூள் கூழாகி செயினில் ஒட்டும். அன்று மாலையே துடைத்து எண்ணெய் விடுங்கள். ரிம் பிரேக் என்றால் பிரேக் கட்டையிலும் ஏறி அரைக்கும், கடைசி நாள் இறக்கத்துக்கு முன் பார்த்துவிடுங்கள்.

கே: கம்பர்லாந்திலிருந்து திரும்புவது?

ஆம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் நிறுவனத்தின் மாலை ரயில், இரவில் பிட்ஸ்பர்க் சேரும். சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிய வேண்டும், இடங்கள் குறைவு, டிக்கெட்டுக்கு முன் அதைப் பாருங்கள். ரயில் தாமதமாவது சகஜம். நீங்கள் தாமதமானால் அது காத்திராது. ஐந்தாம் நாள் ராக்வுட்டிலிருந்து காலை 7 மணிக்கே கிளம்பிவிடுங்கள்.