நஸ்ஸல, அன்ஸல என்ற இரண்டு அரபு வினைகளுமே 'இறக்கினான்' என்றால் குர்ஆனில் எதற்கு இரண்டு வடிவம்?

தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஆலு இம்ரான் சூராவின் 3ஆம் வசனத்தில் நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே குர்ஆனுக்கு நஸ்ஸல, மூஸாவின் வேதமான தவ்ராத்துக்கும் ஈஸாவின் வேதமான இன்ஜீலுக்கும் அன்ஸல. முதலாவது சிறுகச் சிறுக, இரண்டாவது ஒரேயடியாக என்று பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) சொல்வார்கள். 1144இல் இறந்த குர்ஆன் விரிவுரையாளர் ஸமக்ஷரீ எழுதியதும் அதுதான். மறுக்கவில்லை. ஆனால் சட்டமாக்கினால் இடிக்கும். அதே சூராவின் 7ஆம் வசனத்தில் குர்ஆனுக்கே அன்ஸல வருகிறது. 25:32இல் (25ஆம் சூரா, 32ஆம் வசனம்) "மொத்தமாக ஒரே தடவையில் இறக்கியிருக்கக் கூடாதா?" என்று காஃபிர்கள் (நிராகரிப்பவர்கள்) கேட்கிறார்கள், அங்கே இருப்பது நுஸ்ஸில, நஸ்ஸலவின் செயப்பாட்டு வினை!

காரணம் ஸர்ஃபில், அதாவது அரபுச் சொல்லமைப்பு இலக்கணத்தில் இருக்கிறது. நஸல என்றால் இறங்கினான். செயப்படுபொருள் ஏற்காத வினை. நடு எழுத்தை இரட்டித்தாலும் (பாபு தஃப்ஈல் என்ற வாய்பாடு; நஸ்ஸல), முன்னால் ஹம்ஸா என்ற எழுத்தைச் சேர்த்தாலும் (பாபு இஃப்ஆல் என்ற வாய்பாடு; அன்ஸல) முதலில் கிடைப்பது 'இறக்கினான்' என்ற பிறவினைதான். இரட்டிப்பின் வேலை அதோடு முடிந்துவிடலாம். தபஹ, அதாவது அறுத்தான், அப்படியில்லை. அதற்கு ஏற்கெனவே செயப்படுபொருள் உண்டு. அதனால் ஃபிர்அவ்னின் ஆட்களைப் பற்றி 2:49இல் யுதப்பிஹூன என்று இரட்டித்து வரும்போது, ஆண்பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக அறுத்துத் தள்ளினார்கள் என்ற அழுத்தம் கிடைக்கிறது.

ஆகவே முதலில் வேரெழுத்தைப் பிரியுங்கள். அதன் முஜர்ரத் (எழுத்து எதுவும் சேராத மூல) வடிவம் செயப்படுபொருள் ஏற்குமா என்று பாருங்கள். பிறகு ஃபுஆத் அப்துல் பாக்கியின் குர்ஆன் சொல்லடைவில் அந்த வேர் வரும் எல்லா வசனங்களையும் ஓட்டிப் பாருங்கள். அகராதியில் அன்ஸலவை அலிஃபில் தேடாதீர்கள், நூனில்தான் இருக்கும்.

வாய்பாட்டுக்கு ஒரு பொருள் என்று போடும் ஸர்ஃப் அட்டவணையை மட்டும் நம்பினால் க-ஸ-த வேரில் கவிழ்வீர்கள். 72:15இன் காஸிதூன் (முஜர்ரத் வடிவம்) அநீதிக்காரர்கள், நரகத்தின் விறகு. 49:9இன் முக்ஸிதீன் (ஹம்ஸா சேர்ந்த அக்ஸத என்ற இஃப்ஆல் வினையிலிருந்து வருவது) அல்லாஹ் நேசிக்கும் நீதியாளர்கள். இங்கே ஹம்ஸா அநீதியை நீக்குகிறது என்பார்கள். இதை எல்லா இஃப்ஆலுக்கும் பொருத்த முடியாது.

"நீ ஆலிமா (மார்க்க அறிஞரா)?" என்று வருபவர்களுக்கு: இது ஸர்ஃப் கணக்கு, ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அல்ல.

இன்னொன்று. குர்ஆனைத் தமிழ் எழுத்தில் அச்சடிப்பவர்கள் ஸீன், ஸாத், ஸாய் என்ற மூன்று அரபு எழுத்துகளுக்கும் ஒரே 'ஸ' போடுகிறார்கள். நஸலவில் இருப்பது ஸாய்; அதை நம்பி ஸீன் போட்டு ந-ஸ-ல என்று தேடினால் சந்ததியைக் குறிக்கும் நஸ்ல் வந்து நிற்கும். ஒரு புள்ளியாவது வைத்துத் தொலைக்கலாம்.