கை விரித்த மீலி

ஐயா, வீட்டுக்குப் பின்னால் ஆயா நாலு பாத்தி மீலி, அதாவது மக்காச்சோளம், போட்டிருக்கிறார். போன வாரம் ஒடித்த கதிர்களில் ஒன்று உச்சியில் தட்டையாக விரிந்து, விரல்கள் மாதிரி பிளந்திருந்தது. ஆயா அதை மாரியம்மன் படத்தடியில் வைத்துவிட்டார். அண்ணன், “எல்லாம் ஜிஎம் விதையின் (மரபணு மாற்றிய விதையின்) வேலை” என்கிறான். உண்மையில் என்ன ஆகியிருக்கும்?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள மகளுக்கு,

முதலில் அண்ணனுக்கு. 1866-ல் மரபியலின் முன்னோடி மெண்டல் எழுதிய பட்டாணிக் கட்டுரையிலேயே, பூவெல்லாம் தண்டின் உச்சியில் குவிந்துகிடக்கும் செடி ஒன்று வருகிறது. தண்டு தட்டையாகும் இதே கோளாறுதான். அப்போது ஜிஎம் விதை விற்றது யார்? நம் ஊர் ‘பிடி’ மீலி என்கிற ஜிஎம் ரகத்தில் செருகியிருப்பது தண்டுத்துளைப்பானைக் கொல்லும் பாக்டீரியா மரபணு. கதிரின் உருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது ஒரு நல்ல கதிரை எடுத்து மணி வரிசைகளை எண்ணுங்கள். 12 இருக்கும், 14 இருக்கும், 16 இருக்கும். ஒற்றைப்படை அநேகமாக வராது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கதிர் விற்கும் அம்மா முறைக்க முறைக்க ஒன்பது கதிர் எண்ணியவன் நான். இளங்கதிரின் பக்கங்களில் அரும்பும் ஒவ்வொரு மொட்டும் இரண்டாகப் பிரிகிறது. அதனால்தான் வரிசைகள் ஜோடி ஜோடியாக வருகின்றன. எத்தனை ஜோடி என்பது பெரும்பாலும் குருத்து முனையின் பருமனைப் பொறுத்தது.

அந்த முனையில் கொஞ்சம் உயிரணுக்கள் இலையாகவோ பூவாகவோ முதிராமல் பிரிந்துகொண்டே இருக்கும். இவைதான் ஸ்டெம் செல்கள். ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்று பெயர் வைத்தவர் மனித உடம்பை நினைத்திருக்கலாம். சொல் செடிக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. ‘வுஷல்’ என்ற மரபணு இவற்றைத் தக்கவைக்கிறது. குருத்தணுக்களோ ஒரு குட்டிப் புரதத் துணுக்கை வெளியே விட்டு வுஷலை அடக்குகின்றன. பால் பொங்கி வரும்போது அதுவே கை நீட்டி அடுப்பைத் தணித்துக்கொண்டால் எப்படி, அப்படி.

இந்த அடக்கும் சேதியை வாங்கிக் கடத்தும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். அவற்றில் ஒன்றின் மரபணு ‘ஃபேசியேட்டட் இயர் 2’. மக்காச்சோளத்தில் அதை 2001-ல் அடையாளம் கண்டார்கள். அது முழுக்கக் கெட்டால் சேதி போய்ச் சேராது. முனை குவிந்து நிற்காமல் பக்கவாட்டில் அகன்றுபோகும். ஆயா வைத்திருப்பது போன்ற கதிர் வரும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்ததுதான். அமெரிக்காவில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் டேவிட் ஜாக்சன் குழுவினர் இதே மரபணுவின் லேசாகத் தளர்ந்த வடிவங்களை எடுத்துப் பார்த்தார்கள். கதிர் கோணவில்லை, வரிசை மட்டும் கூடியிருந்தது. 2013-ல் அதை வெளியிட்டார்கள். கதிரைக் கெடுக்கிற அதே கோளாறு, அளவோடு இருந்தால் கூடுதல் மணி!

உங்கள் கதிரில் கெட்டது இதே மரபணுதான் என்று நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. குருத்தில் அடிபட்டாலும் சிலசமயம் இப்படி ஆகும். சந்தேகம் தீர வேண்டுமானால், மணிகள் முற்றியிருந்தால் ஆயாவிடம் கேட்டு பத்து மணி எடுத்து வையுங்கள். அக்டோபரில் ஊன்றினால் செடிகள் ஒழுங்காகவே காய்க்கும். பக்கத்துச் செடியின் மகரந்தம் குறையை மறைத்துவிடும். அந்தச் செடிகளில், கதிர் நுனியில் பட்டு நூல் எட்டிப் பார்க்கும் முன் இளங்கதிருக்குக் காகிதப் பை மாட்டி, அந்தந்தச் செடியின் மகரந்தத்தையே அதற்குத் தூவுங்கள். அதில் விளையும் மணிகளை ஊன்றினால், மரபுக் குறைதான் என்றால் அதற்கடுத்த வருடம் ஏறக்குறைய நாலில் ஒரு செடி கை விரிக்கும். அப்போது ஒரு படம் அனுப்புங்கள்.